நம்ம வீட்டு நாய்தானே

இன்பமேரிக்குக் கோபம் வந்தால் ஊசி அறை வாசலில் கோணல்மாணலாக நிற்கிற வரிசை தானாக நேராகிவிடும். கைக்குழந்தைகூட அழுகையைப் பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கும். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் வருகிற சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி அது. பதினெட்டு வருஷமாக அங்கே ஊசி போடுகிறவள் அவள்தான். ஊரில் அவளுக்கு இரண்டு பெயர். நேரில் நர்சம்மா. முதுகைத் திருப்பியதும் பட்டாசு மேரி. இரண்டாவது பெயர் தன் காதில் விழுந்த அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில், அந்தப் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அவள் பிறந்தது சருகணிப் பக்கம். அப்பா சேசுராஜ் வாத்தியார், வகுப்பில் எதையும் மூன்று முறை சொல்லிக் கொடுப்பார். மகள் அதற்கு நேர் எதிராக வளர்ந்தாள். எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். திருப்பிச் சொல்ல வைத்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். கணவர் மரிய ஜெரால்டு பள்ளிக்கூடத்தில் கிளார்க், சாதுவான மனிதர். கல்யாணமான புதிதில் “என்ன சொன்ன?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு செக்காலையில் இருந்த அந்த வீட்டில், காதில் சரியாக விழாததையும் விழுந்ததாக வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, ஒன்றையே நூறு தடவை சொல்ல வேண்டிய வேலை. காய்ச்சல் பிள்ளையைக் கம்பளியில் சுற்றாதே. பேதியாகிறது என்று தண்ணீரை நிறுத்தாதே. தொப்புள் கொடியில் சாணியை வைக்காதே. ஒரே நாளில் நாற்பது பேரிடம் ஒரே பேச்சைப் பேசித் தொண்டை வறண்டுபோன ஒரு சாயங்காலம், பேசாமல் இதை எழுதிப் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. அது 1992.

காரைக்குடியில் அப்போது ‘வட்டாரச் சேதி’ என்று நாலு பக்கத்தில் ஒரு வாரத்தாள் வந்துகொண்டிருந்தது. அழகுசுந்தரம் என்பவர் தம்முடைய அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகை வேலைகளுக்கு நடுவே அதை அடித்துத் தள்ளினார். ஆசிரியர், நிருபர், பிழை திருத்துகிறவர் எல்லாம் அவரே. மூன்றாவது வேலையை மட்டும் செய்வதாகத் தெரியவில்லை. இன்பமேரி கொண்டுபோய்க் கொடுத்ததைப் படித்துவிட்டு, எழுத்தில் ஒரு அதட்டல் இருக்கிறது, நன்றாகப் போகும் என்றார். ‘ஊசி அறையிலிருந்து’ என்று தலைப்புக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் முப்பத்தோரு கட்டுரை வந்தது. 1995இல் அந்த இடத்தை ராசிபலனுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்பமேரி வருத்தப்படவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அச்சிலும் வந்தாயிற்று. முப்பத்தொன்றையும் வெட்டி, ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் ஒட்டி, அலமாரியில் வைத்தாள். அதன்பின் யாராவது எதையாவது கேட்டால், “பேப்பர்ல எழுதியிருந்தேனே, படிக்கலையா?” என்று கேட்பாள். கேட்டவர் விழிப்பார். வட்டாரச் சேதி வெள்ளிக்கிழமை வெளிவந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் வடை மடிக்கப் போய்விடும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

1997, பொங்கல் முடிந்து நாலாம் நாள். சேவுகன் என்கிற கொத்தனார் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கூட அவன் பெண்டாட்டி வீரலட்சுமி. அமராவதிபுதூருக்கு வெளியே கருவேலங்காட்டை ஒட்டி இருந்தது அவர்கள் வீடு. பெண்ணுக்கு எட்டு வயது, பெயர் ராக்கு. இரண்டு நாளாகக் காய்ச்சல், பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை, பேய் பிடித்த மாதிரி மிரளுகிறாள் என்று தாய் சொன்னாள். டாக்டர் வருவதற்குள் மாத்திரை கொடுக்கலாம் என்று இன்பமேரி ஒரு தம்ளரில் தண்ணீரை நீட்டினாள். தம்ளரைப் பார்த்ததும் அந்தப் பிள்ளையின் கழுத்து வெட்டி இழுத்தது. அவ்வளவுதான். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எப்போது நாய் கடித்தது என்று கேட்டாள்.

தகப்பனும் தாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார்த்திகை மாதம் நாய்க்குட்டி ஒன்று கன்னத்தில் லேசாகப் பல்லு வைத்தது, அதெல்லாம் ஆறிவிட்டது என்றார்கள். சேவுகன் வேலை பார்த்த கட்டடத்தில் ஒரு பெட்டைநாய் ஐந்து குட்டி போட்டதாம். அவன் ஒன்றை எடுத்து வந்தான். மற்ற நாலையும் கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனார்கள். இவர்கள் குட்டி நாலைந்து நாளில் செத்துப்போனது. சளி பிடித்துச் செத்தது என்று கொல்லையில் புதைத்துவிட்டார்கள். கன்னத்துக் காயத்தில் சுண்ணாம்பு தடவினார்கள்.

ராக்குவை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனாள். வெறிநாய்க்கடி முற்றிய பிறகு உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அதற்கு மருந்து கிடையாது. கடித்த உடனே வந்திருந்தால் இருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, அதுவும் இன்பமேரியின் அறையில் இருந்த அதே குளிர்பெட்டியில் இருந்தது.

சேதி வந்த அன்று அவள் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்தாள். பதினேழாவது கட்டுரை. 1993 ஜூன். ‘வெறிநாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும்?’ அதில் எல்லாமே இருந்தது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவு. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் தடவாதே. அன்றைக்கே ஊசிக்கு வா. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் அச்சில் ஏறிய வார்த்தைகள். படித்து முடித்ததும் பதிவேட்டை ஓங்கி மூடினாள். துக்கத்தில் இல்லை, கோபத்தில். எழுதி வைத்திருக்கிறேனே, கண்ணில்லையா இந்த ஜனங்களுக்கு? அதற்குள் இன்னொன்றும் நெஞ்சில் வந்து குத்தியது. இன்னும் நாலு குட்டிகள். அவை எந்தெந்த ஊரில், யார் வீட்டில், யாரைக் கடித்துவிட்டுச் செத்தனவோ. கட்டட வேலை முடிந்து ஆட்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள், சேவுகனுக்கே பாதிப்பேரின் ஊர் தெரியாது. இன்றைக்கு வந்தால்கூட அவர்கள் பிழைக்கலாம். ஆனால் ஆள் யாரென்று தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது?

மறுநாள் காலையில் வட்டாரச் சேதி அச்சகத்தில் போய் நின்றாள். அந்தக் கட்டுரையை இந்த வாரமே மறுபடி போடவேண்டும் என்றாள். அழகுசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது போட்ட சரக்கு சிஸ்டர். ஒருதடவை வந்தத மறுபடி போட்டா, பேப்பர்ல விஷயம் தீந்துபோச்சுன்னு ஜனங்க சிரிப்பாக. புதுசா ஏதாச்சும் எழுதிட்டு வாங்க, போடுவோம்.”

“நாய் என்ன புதுசாவா கடிக்குது? வாராவாரம் ராசிபலன் போடுறீகளே, அது மட்டும் புதுசா?” என்று இன்பமேரி கேட்டாள்.

அச்சுக்கோர்க்கிறவர் தலையைக் குனிந்து சிரித்தார். அழகுசுந்தரத்துக்கு முகம் செத்துவிட்டது. விளம்பரமாக வேண்டுமானால் பார்க்கலாம் என்று இழுத்தார். செத்துப்போன பிள்ளைக்கு விளம்பரமா என்று கத்திவிட்டு அவள் படியிறங்கினாள். வாசலில் அந்த வாரத்துத் தாள் கட்டுக்கட்டாக இருந்தது. அதை ஒரு உதை விடவேண்டும் போலிருந்தது. அரசாங்க உத்தியோகம், செய்யவில்லை.

அவள் கால் நேராகப் போய் நின்ற இடம் முனீரின் ஜெராக்ஸ் கடை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மெஷினும் ஒன்றாக அடைந்துகிடக்கிற பொந்து. முனீர் முப்பது வயசுக்காரன், வாய்த்துடுக்கு. அவனுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் எல்லா ஊசியும் போட்டவள் என்பதால் இன்பமேரியிடம் அவனுக்கு மரியாதையும் உண்டு, கொஞ்சம் உதறலும் உண்டு. பதினேழாவது கட்டுரையை அப்படியே இருநூறு பிரதி எடு என்றாள். அவன் அதை ஏற இறங்கப் பார்த்தான்.

“பொடிப்பொடியா ரெண்டு பத்தி இருக்கேக்கா. இதப் படிக்கவே ஒருநா லீவு போடணும்.”

“நீ எடு. படிக்கிறவுக படிப்பாக.”

அவன் எடுத்தான். இருநூறையும் பிரித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒட்டினார்கள். ஜனங்கள் வேலையில்லாமல் எங்கே நிற்கிறார்களோ அங்கெல்லாம் ஒட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு தூண்கள், சலூன், ரேஷன் கடைச் சுவர், மாவு மில், கறிக்கடை. மரிய ஜெரால்டு பசை கிண்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. ஊசி அறைக்கு நாய்க்கடி என்று ஒரு ஆளும் வரவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. கட்டுரையின் முதல் வரி, ‘நம் பகுதியில் வெறிநாய்கள் பெருகிவிட்டன, எச்சரிக்கை!’ என்று இருந்தது. அது 1993இல் எழுதிய வரி. எந்த வருஷம் என்று ஜெராக்ஸில் எங்கும் இல்லை. தாளைப் படித்தவர்கள் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஊருக்குள் வெறிநாய் வந்துவிட்டது என்று ஒரே பேச்சு. இரண்டு தெருவில் ஆட்கள் உருட்டுக்கட்டையோடு கிளம்பி, பாவம், படுத்துக்கிடந்த தெருநாய்களை அடித்துப் போட்டார்கள். ஒன்பது நாய். ஒருவர் ஊசி அறைக்கே வந்து, “எங்குட்டும்மா திரியுது அந்த வெறிநாயி? சொல்லுங்க, பாத்துக்கிருவோம்” என்று கேட்டார். அவர் கையில் கட்டை இருந்தது.

அன்று இன்பமேரி போட்ட சத்தம் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டைத் தாண்டிக் கேட்டது. ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் நாயை அடிக்கிறார்கள். படிக்கச் சொன்னால் பாதி படிக்கிறார்கள். இந்த ஊருக்கு எழுதினது தப்பு, எழுத்தைக் கண்டுபிடித்தவனைச் சொல்லவேண்டும் என்று யார்யாரையோ திட்டினாள். கட்டையோடு வந்தவர் எப்போது போனார் என்றே தெரியவில்லை.

அந்தக் கோபம் அடங்காமல்தான் சாயங்காலம் அமராவதிபுதூருக்குப் பஸ் ஏறினாள். நாலு குட்டிகளை எடுத்துப்போனவர்களில் ஒருவன் பெயராவது சேவுகனுக்கு ஞாபகம் வராதா என்று கேட்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் இருந்த காரியம் வேறு. ஒரு பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டீர்களே, ஏன் கொண்டுவரவில்லை என்று அந்த இரண்டு பேரையும் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ஓட்டு வீடு. சேவுகன் வாசலில் உட்கார்ந்திருந்தான், வேலைக்குப் போவதையே விட்டிருந்தான். வீரலட்சுமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இன்பமேரி உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். பல்லு பட்டதும் ஏன் வரவில்லை? எத்தனை தடவை எழுதியிருக்கிறது? ஒரு தாள் வாங்கிப் படிக்க முடியாதா? ஆண்பிள்ளையாக இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பீர்கள்தானே? கடைசியாகக் கேட்டதைக் கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்தது. வாயை மூட முடியவில்லை.

சேவுகன் எழுந்து உள்ளே போய்க் கதவை இழுத்துக் காட்டினான். கதவின் உள்பக்கம் சாமி காலண்டருக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழுப்பேறிப்போன செய்தித்தாள் துண்டு. ‘ஊசி அறையிலிருந்து’. பதினேழாவது கட்டுரை.

“நம்ம பக்கம் உள்ள நர்சம்மா எழுதுனதுன்னு அப்பவே ஒட்டி வச்சேன்மா” என்றான். “பாப்பா எழுத்துக்கூட்டிப் படிச்சதே இதுலதான். முழுசாத் தெரியும் எங்களுக்கு. சோப்புப் போட்டுக் கழுவணும், சுண்ணாம்பு வைக்கக் கூடாது, எல்லாந் தெரியும்.”

“தெரிஞ்சுமா சுண்ணாம்பு வச்சீக?”

சேவுகன் அவளைப் பார்த்தான். கேள்வி புரியாதவன் போலப் பார்த்தான்.

“அது வெறிநாய் கடிச்சாத்தானம்மா? வெறிநாய்னுதான போட்ருக்கீக. இது நம்ம வீட்டு நாயி. கைப்பிள்ள மாதிரி மடியில கெடந்துச்சு.”

இன்பமேரி கதவில் இருந்த தலைப்பை மறுபடி படித்தாள். கதவோரம் வீரலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். வலதுகையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். அதை இன்பமேரி பார்த்தாள். துக்க வீட்டில் பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று விட்டுவிட்டாள். பதினெட்டு வருஷ நர்சு. அன்றைக்குப் பார்த்தும் விட்டுவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகுசுந்தரத்தின் மேல் இருந்த கோபம், கட்டை தூக்கியவர் மேல் இருந்த கோபம், படிக்காத ஜனங்கள் மேல் இருந்த கோபம் எல்லாம் அலைந்து திரிந்து ஒரு சொல்லின் மேல் வந்து நின்றது. வெறிநாய். அவள் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் அந்த வியாதியின் பெயர் அதுதான், அதனால் அப்படி எழுதினாள். ஆனால் ஊருக்குள் வெறிநாய் என்றால் நாக்கைத் தொங்கப்போட்டு, எச்சில் ஒழுக, கண்டவனை விரட்டுகிற தெருநாய். மடியில் கிடக்கிற குட்டிக்கு அந்தப் பெயரை எவன் வைப்பான்? படித்தார்கள். கதவில் ஒட்டினார்கள். பிள்ளைக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை கன்னத்தில் ரத்தத்தோடு வந்து நின்றபோது, இன்பமேரி எழுதிய தலைப்பே அவர்களை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டது. பழசென்றும் புதிதென்றும் அழகுசுந்தரத்தோடு மல்லுக்கட்டியதெல்லாம் வீண். நூறு தடவை திருப்பிப் போட்டிருந்தாலும் ராக்கு செத்துத்தான் போயிருப்பாள்.

இதுவரை பிறத்தியார்மேல் கோபப்பட்டுப் பழகியவள். தன்மேல் கோபப்பட அவளுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டதற்கு அவரைக் கடித்துக் குதறினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக்கூடப் போகவில்லை. வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் கட்டுரையை ஓரமாக ஒதுக்கினாள். ஊசி அறையில் நின்றுகொண்டு ஜனங்கள் இத்தனை வருஷமும் அவளிடம் சொன்ன சாக்குகளை எழுத ஆரம்பித்தாள். எந்தப் பேச்சைக் கேட்டு எரிந்து விழுந்தாளோ, அதே பேச்சு. குட்டிதானே. கடிக்கல, பல்லுத்தான் பட்டுச்சு. வெளயாட்டுக்குக் கவ்வுச்சு. புண்ணுல நக்குச்சு, அவ்வளவுதான். ரத்தமே வரல. நாய் செத்துப்போச்சு, இனிமே என்ன. அத்தனை சாக்கும் அத்தனை பேரின் குரலோடு அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு தாளுக்கு ஒரு சாக்கு. அதைப் பெரிய எழுத்தில் மேலே எழுதினாள். கீழே மூன்றே வரி. அதுக்கும் ஊசி உண்டு. சோப்பு. இன்றைக்கே வாங்க. வெறி என்கிற சொல் எதிலும் இல்லை. அடியில் மாதமும் வருஷமும் போட்டாள்.

முனீர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தான். இந்தத் தடவை லீவு போடணும் என்று சொல்லவில்லை. எதை எங்கே ஒட்டலாம் என்று பிரித்துப் போட்டான். ‘ரத்தமே வரல’ சலூனுக்கு. ‘வெளயாட்டுக்குக் கவ்வுச்சு’ பள்ளிக்கூட வாசலுக்கு. ‘நாய் செத்துப்போச்சு’ சித்தாளும் கொத்தனாரும் விடியற்காலையில் வேலைக்குக் காத்து நிற்கிற முக்குக்கு. நாலு குட்டிகளைத் தூக்கிப்போனவர்கள் என்றைக்காவது அங்கே வந்து நின்றுதானே ஆகவேண்டும். அவனுடைய மச்சான் கேபிள் டி.வி. நடத்தினான். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அடியில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விளம்பரம் எழுத்தாக ஓடும். அதற்கு நடுவில் ஒரு வரி ஓடவிடலாம் என்றான். ‘நம்ம வீட்டு நாய்தானேன்னு இருக்கீகளா?’ என்று போட்டால் போதும் என்றான். பிறகு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

“இன்னொன்னு சொன்னாக் கோவிச்சுக்கிற மாட்டீகளே. ஊசிக்குப் பயந்தவுகள விட ஒங்களுக்குப் பயந்து வராதவுகதான்க்கா ஜாஸ்தி. லேட்டா வந்தா என்ன வசவு விழுமோன்னு வீட்லயே இருந்துருவாக. அதையும் போடுங்க.”

“எதைப் போட?”

“வைய மாட்டோம்னு.”

அவளுடைய மூக்கு நுனி சிவந்தது. முனீர் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டான். அவள் சிவந்த மூக்கோடு அங்கேயே நின்றாள். முந்தின நாள் அந்த ஓட்டு வீட்டு வாசலில் தான் பேசியது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பேனாவை எடுத்து, எல்லாத் தாளிலும் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள். எத்தனை நாள் ஆகியிருந்தாலும் வாங்க, யாரும் வைய மாட்டோம்.

இப்போது வந்தார்கள். முதல் வாரம் ஆறு பேர். அடுத்த வாரம் பதினொன்று. சலூன் தாளைப் பார்த்து ஒருவர், கேபிளில் பார்த்து ஒரு குடும்பம். கொத்தனார் முக்கில் பார்த்துவிட்டுக் கீழச்சிவல்பட்டியிலிருந்து இராமு என்று ஒருவன் வந்தான். அதே கட்டடத்தில் வேலை பார்த்தவன், ஒரு குட்டியை எடுத்துப்போனவன். அவனுக்கும் அவன் தங்கச்சிக்கும் கையில் கடி. அவன் சொல்லி இன்னொரு குட்டி போன வீடும் தெரிந்தது. மற்ற இரண்டு குட்டிகள் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தாள்களை மாற்றி ஒட்டினார்கள். பழைய பதிவேட்டிலிருந்த பேதி, காய்ச்சல், தொப்புள் கொடி எல்லாமே ஒவ்வொன்றாக இப்படி உடைந்து வேறு வேறு தலைப்பில் சுவருக்குப் போயின. ஒரு தடவைக்கு மேல் சொல்லாதவள், முப்பத்தொன்றையும் முந்நூறு விதமாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள். அழகுசுந்தரம் ஊசி அறைக்கே வந்து, அந்தக் குட்டி வரிகளைத் தாளில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். போட்ட சரக்கு, பரவாயில்லையா என்று அவள் கேட்டாள். அதோடு விட்டாள்.

வையமாட்டோம் என்று எழுதியது எழுதியதுதான். அதைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மாசக்கணக்காகக் கடியை மறைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்க்கும்போது தொண்டை வரைக்கும் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு பேரையும் வயசையும் மட்டும் கேட்பாள். வரிசை கோணலாகவே நின்றது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, கூட்டமெல்லாம் போன பிறகு வாசலில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. வீரலட்சுமி. தனியாக வந்திருந்தாள். இடதுகையில் ஒரு தாள், சுவரிலிருந்து பசையோடு பிய்த்தது. வலதுகை இன்னும் முந்தானைக்குள் இருந்தது. உள்ளே வராமல் நின்றபடியே கேட்டாள்.

“வைய மாட்டீகள்ல?”

இன்பமேரி எழுந்து போய் அந்த முந்தானையை விலக்கினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஆறிப்போன இரண்டு புள்ளி. குட்டியை மகளின் கன்னத்திலிருந்து பிடித்து இழுத்தபோது பட்டதாம். மகள் செத்த அன்றைக்கே தனக்குத் தெரியும் என்றாள் வீரலட்சுமி. புருஷனிடம் சொல்லவில்லை. பிள்ளை போன பிறகு தான் இருந்து என்ன என்று முதலில் நினைத்தாளாம். பிறகு சொல்லலாம் என்று நினைத்த அன்றைக்குத்தான் நர்சம்மா வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்கள், அதனால் சொல்லவில்லை என்றாள்.

எந்தக் கோபத்தையும் வெளியே கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள் இன்பமேரி. அன்றைக்கு அதை வைத்துக்கொள்ள உள்ளே இடமில்லை, கொட்ட வெளியேயும் ஆளில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று கத்திய பெண் யாரோ, அவள் எதிரே இருந்திருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். வீரலட்சுமியைக் கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றில் ஸ்பிரிட் தடவி, முதல் ஊசியைப் போட்டாள். நோவு பொறுக்காமல் வீரலட்சுமி தாளைக் கசக்கிப் பிடித்தாள்.

எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, கசங்கிய தாளை முழங்காலில் வைத்துத் தேய்த்து நேராக்கினாள். ‘குட்டிதானே’ என்று மேலே போட்டிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும். ராக்குவோடு சேர்ந்து கதவைப் பார்த்துப் பழகிய படிப்பு. விரலை வைத்து மறுபடி ஒரு தடவை படித்தாள். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அப்படிக் கேட்டிருந்தால் இன்பமேரிக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“இத அப்பவே இப்படி எழுதியிருக்கலாம்ல நர்சம்மா?”

பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் கேட்கப்பட்ட எந்தக் கேள்விக்கும் பட்டென்று பதில் சொன்னவள் இன்பமேரி. ஊசியைத் தட்டில் வைத்தாள். கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் கழுவினாள்.

“எழுதியிருக்கலாம்த்தா” என்றாள். “நாளைக்கு இதே நேரத்துக்கு வந்துரு. இன்னும் பதிமூணு இருக்கு.”